துணி, அறுவை, கூறை: நெசவுக் குடும்பத்தினர் உதவி தேவை

வணக்கம். நேற்று தையற்கடையில் ஒரு பிட்டுத் துணியை அளந்து வெட்டும்போதுதான் உறைத்தது: ‘துணி’ என்றாலே வெட்டு, துண்டாக்கு என்றுதானே பொருள்! தோளில் போடும் துண்டும் அப்படியே. சங்க காலத்தில் ஆடைக்கு ‘அறுவை’ என்றும் பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று புலவரே இருக்கிறார். (இன்று அறுவை என்றால் ஆபரேஷன், இல்லாவிட்டால் மொக்கை ஜோக்!) தறியில் நீளமாக ஓடும் பாவு நூலிலிருந்து அறுத்து எடுப்பதால் வந்த பெயர்கள் என்பது என் கணிப்பு.

கேள்விகள் இவைதான். கல்யாணக் கூறைப்புடவையின் ‘கூறை’, கூறுபோடுவதிலிருந்து வந்ததா? தறியிலிருந்து சேலையை எடுப்பதை உங்கள் வீட்டில் அறுப்பது என்பார்களா, வேறு சொல் உண்டா? மங்கலப் பொருளாயிற்றே, ‘அறு’ என்று வாயால் சொல்வார்களா என்றும் சந்தேகம்.

இன்னொன்று. ‘எண்ணித் துணிக கருமம்’ என்ற குறளில் துணிதல் என்றால் முடிவெடுத்தல். ‘வெட்டு ஒன்று, துண்டு இரண்டு’ என்று பேசுகிறோமே, அந்த வழியில் வந்த பொருளா? காஞ்சிபுரம், ஆரணி, சின்னாளப்பட்டிப் பக்கம் தறி வைத்திருப்பவர்கள், பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள், ப்ளீஸ்.