'வாஷ்' என்பதற்குப் 'படர்வு': என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

நீர்வண்ண ஓவியத்தில், நீர்த்த நிறத்தைத் தாளில் மெல்லியதாகப் பரப்பும் 'வாஷ்' (wash) என்ற முறைக்குத் தமிழில் இதுவரை 'கழுவல்', 'நீர்ப்பூச்சு', 'தோய்வு' ஆகிய சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கில ஓவியர் டர்னர் 1802-1805 காலத்தில் தீட்டிய, இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயத்தின் உட்புறக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு என் தயக்கம் உடனே புரியும்.

1220இல் தொடங்கி 1258க்குள் பெரும்பகுதி கட்டி முடிக்கப்பட்ட, கோதிக் என்னும் இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியில் அமைந்த ஆலயம் அது. சுவர் வெளிறிய கல். தூண்களைச் சுற்றி நிற்கும் மெல்லிய தண்டுகள் பர்பெக் என்னும் கருமையான சுண்ணாம்புக்கல். மேலே விலா எலும்புகள் போல் கிளைத்து ஓடும் கவிகைகள், அதாவது வளைந்த கற்கூரைகள். (அவற்றுக்கு 'விலாக்கவிகை' போதும் என்பது என் எண்ணம், அதைத் தனி இழையில் பேசலாம்.) இப்படியொரு கூடத்தின் வெளிச்சத்தை நீர்வண்ணத்தில் கொண்டுவருவது பெரும்பாலும் தாளின் வெண்மைதான். நிறமியை நிறைய நீரில் கரைத்து, சற்றே சாய்த்த பலகையில், விளிம்பு காய்வதற்குள் மேலிருந்து கீழாக இழுத்துச் செல்கிறார்கள். அந்த மெல்லிய நிறத்தின் ஊடே தாள் ஒளிர்கிறது.

ஆகவே 'பூச்சு' பொருந்தாது. சுண்ணாம்புப் பூச்சு அடியிலிருப்பதை மறைக்கும், இதுவோ காட்டும். 'தோய்வு' சாயத்தில் முக்கும் துணிக்கு உரியது. 'கழுவல்' எனக்கும் வேண்டிய சொல், ஆனால் வேறு இடத்தில்: காய்ந்த நிறத்தை நனைத்து ஒற்றியெடுத்து ஒளியை மீட்கும் உத்திக்கு அதை ஒதுக்கி வைப்போம்.

நான் பரிந்துரைப்பது 'படர்வு'. ஒரே அடர்த்தியில் இருந்தால் 'சமப்படர்வு'. மெல்ல மெல்ல வெளிறினால் 'தேய்படர்வு'. 18ஆம் நூற்றாண்டு இடவரைவாளர்கள் (ஊர்களையும் கட்டடங்களையும் உள்ளபடி வரைந்தவர்கள்) வண்ணத்துக்கு முன் நிழல்களைச் சாம்பல் நிறத்தில் இடுவார்கள், அது 'சாம்பற்படர்வு'. டர்னரின் ஓவிய நண்பர் கிர்ட்டின் அந்த அடித்தளத்தை விட்டு நேரடியாக வண்ணத்தில் இறங்கியதை விளக்கவும் இச்சொல் உதவும்.

'படர்' என்றால் துன்பம் அல்லவா, குறளில் 'படர்மெலிந்திரங்கல்' என்று அதிகாரமே இருக்கிறதே என ஒரு நண்பர் கேட்டிருந்தார். கொடி படர்வதையும் நாம் அதே வினையால்தான் சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை. ஈரத் தாளில் நிறம் தானே ஓடிப் பரவுவதும் படர்வுதானே என்ற இன்னொரு கேள்விக்கு வலு அதிகம். அதற்குக் 'கசிவு' என்று தனிச்சொல் வைத்துக்கொண்டால் இரண்டும் பிரிந்துவிடும்.

வினைவடிவம்தான் இன்னும் தீரவில்லை. இளம் ஓவியர்களை ஆதரித்த மருத்துவர் மன்றோவின் வீட்டில் கிர்ட்டின் கோட்டுருவம் வரைய, டர்னர் அதன்மேல் 'வாஷ்' செய்தார் என்பது ஓவியர் ஃபாரிங்டனின் 1798ஆம் ஆண்டு நாட்குறிப்பில் உள்ள செய்தி. 'டர்னர் கழுவினார்' என்றால் நண்பர் வரைந்ததை அழித்துவிட்டார் என்றாகிவிடும். 'படர்வு இட்டார்' என்பதா, 'நிறம் படரவிட்டார்' என்பதா? இரண்டாவது எனக்கு இயல்பாகப் படுகிறது. தூரிகை பிடிக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்.