பெண்ணின் கையில் கரண்டியைக் கொடுக்க ஏன் மறுக்கிறோம்?

கேள்வி – மட்டக்கோல்:

மதுரைக்கு அருகே ஒரு குடியிருப்புக் கட்டுமானத்தில் மேற்பார்வைப் பொறியாளராக இருக்கிறேன். எங்களிடம் பதினெட்டு ஆண்டுகளாகச் சித்தாள் வேலை பார்க்கும் ஓர் அம்மா, கலவையைக் கையில் எடுத்துப் பார்த்தே சிமெண்ட் குறைவா, தண்ணீர் அதிகமா என்று சொல்லிவிடுவார். சென்ற வாரம் கொத்தனார் சாப்பிடப் போயிருந்தபோது, அவர் வைத்துவிட்டுப் போன கரண்டியை எடுத்து மூன்று வரி செங்கல் கட்டினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில்தான் நின்றது; வரி துளியும் சாயவில்லை. திரும்பி வந்த கொத்தனார் ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த மூன்று வரியையும் பெயர்த்தெடுத்துவிட்டு மறுபடி கட்டினார். பெரியாளாக, அதாவது கொத்தனாருக்கு உதவும் ஆணாக, வந்த பையன்கள் சில ஆண்டுகளில் கொத்தனாராகிவிடுகிறார்கள். இவர் மட்டும் ஏன் இன்னும் சட்டி சுமக்கிறார்?

பதில் – கொத்தனார் மகன்:

எங்கள் தொழிலில் யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுப்பதில்லை. கரண்டியைக் கழுவி வைப்பது, நூல் பிடிப்பது, வெளியூர் வேலைக்குப் போய் மேஸ்திரியோடு கொட்டகையில் படுத்துக்கொள்வது, கூலி வாங்கிய இரவில் அவருடன் கடைக்குப் போவது என்று ஒட்டிக்கொண்டே திரிகிற பையனுக்குத்தான் தொழில் கைவரும். ஒரு பெண் அப்படித் திரிந்தால் ஊர் என்ன பேசும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தொழிலை ஆண்களுக்கே என்று வைத்திருக்கும் அந்த ஆண்மை ஆண்களையும் சும்மா விடுவதில்லை. என் அப்பா சாரத்தில் ஏறும்போது இடுப்பில் பெல்ட் மாட்டியதே இல்லை, "நான் என்ன பொம்பளையா?" என்பார். இரண்டாம் மாடியிலிருந்து விழுந்து கால் போன பிறகு, அம்மாவின் சித்தாள் கூலியில்தான் வீடு ஓடியது. அம்மா தூக்குவாளியோடு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் வாசல் பக்கமே வரமாட்டார்.

பதில் – சுண்ணாம்பு:

நான் பெயிண்டர். எங்கள் குழுவில் நடையிலும் பேச்சிலும் நளினம் கொண்ட ஒருவர் இருந்தார். மற்ற ஆண்கள் அவரைப் பெண்பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள்; இரவில் கொட்டகையில் தொல்லையும் கொடுத்தார்கள், பகலில் அதையே சொல்லிச் சிரித்தார்கள். அவர் சித்தாள் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்; அங்கே அவரை யாரும் கேலி செய்யவில்லை. மறக்க முடியாதது கூலிதான். பெரியாள் வேலை முழுவதையும் செய்தவருக்கு மேஸ்திரி சித்தாள் கூலியைத்தான் கொடுத்தார். வேலைக்கா கூலி, மீசைக்கா கூலி என்று அன்று எனக்கு விளங்கிவிட்டது.

பதில் – சங்கத்துக்காரி:

ஒரே வேலைக்கும், ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆண், பெண் இருவருக்கும் ஒரே ஊதியம் தரவேண்டும் என்று 1976-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வேலையின் பெயரையே சித்தாள், பெரியாள் என்று பிரித்து வைத்துவிட்டால், இரண்டும் வேறு வேறு வேலை என்று வாதாடிவிட முடிகிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த, கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. ஒரே தளத்தை நான்கு ஒப்பந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஐம்பது என்ற கணக்கு எப்படி வரும்? தூளிகள் இன்னமும் சாரக்கம்பத்தில்தான் தொங்குகின்றன.

பாலியல் தொல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் ஆட்கள் கூடும் சந்திப்பில் எந்தப் பெண்ணை அழைத்துப்போவது என்பதை மேஸ்திரிதான் முடிவு செய்கிறார். எதிர்த்துப் பேசியவளுக்கு மறுநாள் வேலை இல்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களிலிருந்தும் புகார் கொடுக்க, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டந்தோறும் ஒரு குழு உண்டு. நான் சந்தித்த சித்தாள்களில் அதை அறிந்தவர் மிகச் சிலரே.

பெண்களுக்கு வராது என்பவர்கள் ஜார்க்கண்டைப் பார்க்கட்டும். அங்கே கிராமப் பெண்கள் பயிற்சி பெற்றுக் கழிப்பறைகளைத் தாங்களே கட்டினார்கள். ‘ராணி மிஸ்திரி’, அதாவது ராணிக் கொத்தனார் என்றே அவர்களுக்குப் பெயர். நீங்கள் அந்த அம்மாவுக்கு ஒரு சுவரைக் கொடுங்கள், வருகைப் பதிவேட்டில் கொத்தனார் என்று எழுதிக் கூலியையும் அப்படியே கொடுங்கள். பாராட்டு மட்டும் போதாது.

மட்டக்கோல்:

அவரிடம் கேட்டேன். யார் கண்ணிலும் படாத குளியலறை உட்சுவரை முதலில் கொடுக்கச் சொன்னார், கொடுத்துவிட்டேன். கூலிச் சீட்டிலும் எழுதியாயிற்று. இப்போது அவருக்குக் கலவை தூக்கிக் கொடுப்பது யார் என்பதுதான் சிக்கல். பெரியாள்கள் மூவரும் மறுத்துவிட்டதால், கட்டுகிறவரே இறங்கிப் போய்ச் சட்டியையும் சுமந்து வருகிறார்.