பால்ட்வின் மன்னருக்கு அந்த வெள்ளி முகமூடி தேவையா?

கோட்டைவாசல்:
ரிட்லி ஸ்காட்டின் ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ (2005) மறுபடி பார்த்தேன். ஜெருசலேமை ஆண்ட தொழுநோயாளி மன்னர் நான்காம் பால்ட்வினாக எட்வர்ட் நார்ட்டன். எல்லோரும் கொண்டாடும் அந்த முகமூடிதான் எனக்கு உறுத்துகிறது. அது வெறும் கற்பனை. மன்னரின் ஆசிரியராக இருந்த டயர் நகரத்து வில்லியம் நோயைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார், முகமூடி பற்றி ஒரு வரிகூட இல்லை. முகம் சிதைந்ததைப் பார்த்து விசுவாசிகள் மனம் கலங்கினார்கள் என்றுதான் சொல்கிறார். அதாவது, அவர்கள் அந்த முகத்தைப் பார்த்தார்கள்!

இரவுக்காட்சி:
சரி, காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தியேட்டரில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். மேக்கப் பற்றித்தான் பேச்சு ஓடியிருக்கும். முகம் இல்லாததால்தான் குரலையும் கண்களையும் கவனித்தோம். இது சினிமா, வரலாற்றுப் பாடம் இல்லை.

கோட்டைவாசல்:
அப்படியானால் இயக்குநரின் நீண்ட பதிப்பில், இறந்தபின் தங்கை சிபில்லா முகமூடியைக் கழற்றும்போது மட்டும் ஏன் காட்டினார்கள்? உயிரோடு இருந்தவரை அழகு, செத்தபிறகு அதிர்ச்சி. எனக்கு இது நேர்மையாகப் படவில்லை.

மணல்மேடு:
முதலில் சிபில்லா தங்கை இல்லை, அக்கா. முகமூடியை விட எனக்குக் கேராக் கோட்டை முற்றுகைக் காட்சிதான் பெரிய பிரச்சினை. படத்தில் மன்னர் குதிரையில் கம்பீரமாக வருகிறார், கோட்டையைத் தாக்க வந்த எகிப்து-சிரியா சுல்தான் சலாதீனோடு பேசிச் சமாதானம் செய்கிறார். உண்மையில் 1183இல் அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது, கைகால் வேலை செய்யவில்லை. பல்லக்கில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நிலையிலும் படையோடு கிளம்பினார், சலாதீன் முற்றுகையை விட்டுப் போனார். இதைவிடப் பெரிய காட்சி எந்தத் திரைக்கதையில் கிடைக்கும்?

இரவுக்காட்சி:
பல்லக்கு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகமூடி இல்லாவிட்டால் இன்று இந்த மன்னரை நம்மில் யார் தேடிப் படித்திருப்போம்?

மணல்மேடு:
தேடியவர்களும் படம் காட்டிய ‘சமாதான ஞானி’யைத்தானே தேடுகிறார்கள்? 1177இல் மோன்ட்கிசார்டில் சலாதீன் படையைச் சிதறடித்தபோது பையனுக்கு 16 வயது. போர்க்களத்தில் வளர்ந்தவர்.

இரவுக்காட்சி:
1180இல் அதே சலாதீனோடு போர்நிறுத்தமும் செய்தார். அதையும் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்:
செய்தார், வறட்சியும் ஒரு காரணம். அது ராஜதந்திரம். ஞானி வேஷம் படம் போட்டது.