மூளையழற்சியிலிருந்து மீண்டவர்களின் அனுபவம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பென்னாகரத்தில் வசிக்கும் என் தங்கைக்கு மூன்று மாதங்களுக்கு முன் உறக்கமின்மையும் காரணமற்ற அச்சமும் தொடங்கி, பத்தே நாளில் வலிப்பு, பேச்சு நின்றுபோதல், வாயும் முகமும் தாமாகவே அசைந்துகொண்டிருத்தல் என முற்றிவிட்டது. மனநோய் என்றே முதலில் மருந்து தரப்பட்டது. உறவினர் சிலர் மந்திரிக்கவும் அழைத்துச் சென்றனர். முதுகுத் தண்டுநீரைப் பரிசோதித்த பிறகே, மூளையின் நரம்புச் செல்களில் சமிக்ஞைகளைப் பெறும் என்எம்டிஏ ஏற்பிகள் என்ற புரதங்களை உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே தாக்கும் தன்னெதிர்ப்பு மூளையழற்சி என்று தெரியவந்தது. இளம்பெண்களில் சிலருக்குச் சூலகக் கட்டி இதைத் தூண்டும் என்பதால் ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி இல்லை.

ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் செலுத்தியபின் வலிப்பு நின்றது. ஆனால் நினைவும் பேச்சும் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. 577 நோயாளிகளைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் நன்கு தேறியதாகப் படித்தது எங்களுக்குப் பெரும் ஆறுதல்.

இந்நோயிலிருந்து மீண்டவர்களோ அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களோ, நினைவாற்றல் திரும்ப எத்தனை மாதம் ஆயிற்று, நோயெதிர்ப்பை அடக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி தேவைப்பட்டதா, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு ஒப்புதல் கிடைத்ததா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பேச்சுப் பயிற்சி அளிப்பவர் இருந்தாலும் சொல்லுங்கள். வாரந்தோறும் பெங்களூருக்குப் பேருந்தில் போய்வர அவள் உடல் இடம் கொடுக்கவில்லை.