தன்னமைவும் அமைவுநிறமும்: ஒரு பரிந்துரை

வணக்கம். சாயமில்லாமல், பொருளின் நுண்ணிய அமைப்பால் மட்டுமே தோன்றும் நிறத்தை ஆங்கிலத்தில் structural colour என்பார்கள். அதற்கு 'அமைவுநிறம்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்; எழுந்த மறுப்புகளுக்கு இங்கே விடை சொல்கிறேன்.

> "கட்டமைப்பு நிறம்" போதாதா? எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல்லாக இருப்பதே எனக்குத் தடையாகப் படுகிறது ஐயா. கட்டமைப்பு என்றதும் மனம் சாலை, பாலம் என்று ஓடும். யாரோ கட்டினார்கள் என்ற பொருளும் உள்ளே கிடக்கிறது.

இங்கே கட்டுபவர் எவருமில்லை. ஏறக்குறைய 240 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா உருண்டைகள் மிதக்கும் கூழ்மத்தில் ஒரு துளியைக் கரிய தகட்டில் விட்டுப் பாருங்கள். முதலில் பால்போல வெளுத்திருக்கும். நீர் ஆவியாக ஆவியாகத் துகள்கள் ஓரத்துக்கு இழுபட்டு, நெருங்கி, தாமே வரிசையாகும்; அங்கே பச்சை வளையம் ஒன்று எழும். சாயம் துளியும் சேர்க்கவில்லை! அதன்மேல் ஒரு சொட்டு எத்தனால் விட்டால் நிறம் சற்றே சிவப்புப் பக்கம் நகர்ந்து மங்கும். உலர்ந்ததும் பழைய பச்சை திரும்பும். இடைவெளிகளில் காற்றிருந்த இடத்தில் திரவம் புகுந்து ஒளிவிலகலை மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

இதற்கேற்ற வேர் நம்மிடமே இருக்கிறது. அமைதல் தன்வினை, அமைத்தல் பிறவினை. ஆகவே அமைப்பு என்பதைவிட அமைவு இங்கே பொருந்தும். துகள்கள் கூடும் நிகழ்வு *தன்னமைவு*. அதில் பிறப்பது *அமைவுநிறம்*. நிறம் தரும் சாயப்பொருளான 'நிறமி'க்கு எதிரே வைத்தாலும் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

> அடுக்குநிறம் இன்னும் எளிமை.

எளிமைதான், ஓப்பல் கல்லுக்குப் பொருந்தவும் செய்யும். அதனுள் சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கியிருப்பதை 1964-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்கள். இத்தகைய அடுக்கை நேராகப் பார்த்தால், எதிரொளிக்கும் அலைநீளம் உருண்டை விட்டத்தைப்போல் சுமார் 2.2 மடங்கு: 200 நானோமீட்டருக்கு நீலம், 290-க்குச் சிவப்பு.

ஆனால் இரண்டு அளவு உருண்டைகளைக் கலந்துவிட்டால் அடுக்கு குலைகிறது. அப்போதும் நிறம் தோன்றும். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வெளிறித் தெரிந்தால் சிறிது கரித்தூள் சேர்ப்பார்கள். சிதறும் வெள்ளொளியை அது விழுங்க, நிறம் தெளியும். அடுக்கே இல்லாத இதை அடுக்குநிறம் என்பது பிழை. 'ஒளிர்நிறம்' என்ற பரிந்துரையும் வேண்டாம். இப்பொருள்கள் தாமாக ஒளி உமிழ்வதில்லை.

கோணத்துக்குக் கோணம் மாறும் வகைக்கு மட்டும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. *மயில்கழுத்து நிறம்* என்று ஏற்கெனவே சொல்கிறோம். மயில் இறகின் நிறமும் அமைவுநிறமே.

ஒழுங்கு குலைந்த வகைக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. ஆங்கிலத்தில் photonic glass என்பதால் 'ஒளிக்கண்ணாடி' என்று எழுதிப் பார்த்தேன். படிப்பவர் முகம் பார்க்கும் கண்ணாடியை நினைத்துவிடுவார். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.