பிளஸ் டூ முடித்து வெளியூர் போகிற பிள்ளைகளைச் சபை எப்படி அனுப்ப வேண்டும்?

ஓய்வுநாள் பாடசாலை டீச்சர்:

எங்களுடையது தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்தில் ஒரு சேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம். இந்த வருஷம் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளில் பாதிப் பேர் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று கிளம்புகிறார்கள். எல்லாரும் திடப்படுத்தல் (ஞானஸ்நான வாக்கைத் தாங்களே ஏற்றுக்கொள்ளும் ஆராதனை) எடுத்தவர்கள், வசனப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள். வழக்கமாக ஒரு ஞாயிறு அவர்களை முன்னால் நிறுத்தி ஜெபித்து, ஆளுக்கொரு வேதாகமம் கொடுத்து அனுப்புவோம். ஆனால் முதல் செமஸ்டர் முடிந்து ஊருக்கு வரும்போதே பலர் கோயில் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கல்லூரி திறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் என்ன செய்யலாம்? "ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை அண்ணன்:

அக்கா, விசுவாசம் போனதால் கோயிலை விட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கோயிலுக்குப் போகாமல் இருந்து இருந்து விசுவாசம் தேய்ந்து போனவர்களே அதிகம். ஊரில் முதல் மணி அடித்ததும் அம்மா எழுப்பிவிடுவார், ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு அப்பா கூப்பிடுவார். ஹாஸ்டலில் மணியும் கிடையாது, கூப்பிட ஆளும் கிடையாது. முதல் மூன்று ஞாயிறு துணி துவைப்பதிலும் தூங்குவதிலும் போய்விட்டால் நாலாவது ஞாயிறு கோயில் ஞாபகமே வராது. அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், கல்லூரியில் அந்த முதல் ஞாயிறு எங்கே, யாரோடு, எந்த பஸ்ஸில் என்பதை இங்கேயே முடிவு பண்ணிவிடுங்கள்.

சீட் உறுதியானதுமே ஹாஸ்டலில் விசாரியுங்கள்: ஞாயிறு எத்தனை மணிக்கு வெளியே விடுவார்கள், அவுட் பாஸுக்குப் பெற்றோர் அனுமதி வேண்டுமா, எப்போது திரும்ப வேண்டும். பல கல்லூரிகள் ஊருக்கு வெளியே இருக்கும். கேட் திறக்கும் நேரமும் ஆராதனை நேரமும் பொருந்தாமல் போவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. அப்படியானால் இரண்டாவது ஆராதனையோ மாலை ஆராதனையோ உள்ள ஆலயத்தைத் தேட வேண்டும். கோவையில் நகருக்குள் தமிழ் ஆராதனைக்கு சி.எஸ்.ஐ. இம்மானுவேல் ஆலயம் இருக்கிறது, ஆங்கிலத்துக்கு ரேஸ்கோர்ஸில் ஆல் சோல்ஸ் ஆலயம். வடக்கே போகிறவர்களுக்கு 1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபை இருக்கிறது. நம் திருச்சபையோடு ஐக்கியம் உள்ளதுதான், அங்கே தயங்காமல் நற்கருணை எடுக்கலாம்.

அடுத்தது கைமாற்றிக் கொடுப்பது. உங்கள் ஐயரே (போதகர்) அந்தச் சபை ஐயருக்குப் போன் போட்டு, பிள்ளையின் பெயர், படிப்பு, ஹாஸ்டல் மூன்றையும் சொல்ல வேண்டும். அதைவிட நல்லது, உங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று அந்த ஊரில் இருந்தால் அவர்களிடம் ஒப்படைப்பது. முதல் ஞாயிறு ஆலய வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போய், மத்தியானம் ஒரு சாப்பாடு போட்டு அனுப்பச் சொல்லுங்கள். வேதாகமம் வாங்கும் காசில் பாதியை இந்தப் போன் செலவுக்கு வைத்துக்கொண்டாலும் தப்பில்லை என்பேன்.

சபை மாற்றுக் கடிதம் இப்போது வேண்டாம். ஞானஸ்நானம், திடப்படுத்தல் பெற்றவர், நற்கருணை எடுக்கிறவர் என்று சேகர முத்திரையோடு ஒரு பக்க அறிமுகக் கடிதம் போதும். உறுப்பினர் பெயரும் சங்கக் காணிக்கையும் ஊரிலேயே இருக்கட்டும். வேலை கிடைத்து ஓரிடத்தில் நிலைத்த பிறகு முறைப்படி மாற்றிக்கொள்ளலாம். இதைக் கவனிக்காத பிள்ளைகள் இரண்டு சபையிலும் பெயர் இல்லாமல் நின்று, கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டிய சமயத்தில் திண்டாடுகிறார்கள்.

ஹாஸ்டல் வார்டன் (பெண்கள் விடுதி):

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிள்ளைகள் புது ஆலயத்துக்கு ஒரு தடவை போய்விட்டு, "நம்ம கோயில் மாதிரி இல்லை" என்று நின்றுவிடுவார்கள். 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் ஏற்கெனவே ஒன்றுபட்டிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் சேர்ந்ததுதான் தென்னிந்தியத் திருச்சபை. நம் பக்கம் ஆங்கிலிக்கன் மரபு, கோவை லண்டன் மிஷன் ஊழியம் நடந்த இடம், அது ஐக்கிய சபை வழியாகச் சேர்ந்தது. அதனால் ஜெப முறை, முழங்கால் படியிடும் இடம், பாமாலை ராகம்கூட மாறியிருக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், குறைந்தது ஆறு ஞாயிறாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள்.

வாரநாளில் கூடுவதற்கு மாணவர் ஐக்கியம் வேண்டும். 1954-இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. (Union of Evangelical Students of India) என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கம் பல ஊர்களில் கல்லூரி மாணவர்களுக்குக் கூட்டம் நடத்துகிறது. சீனியர் யார் என்று இப்போதே விசாரித்துப் பெயரும் எண்ணும் வாங்கிக் கொடுங்கள். ஆனால் ஐக்கியம் ஞாயிறு ஆராதனைக்குப் பதில் ஆகாது. ஐக்கியத்தில் எல்லாரும் ஒரே வயது. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள சபையில்தான் வாழ்க்கை முழுவதற்குமான விசுவாசம் எப்படி இருக்கும் என்று பார்க்க முடியும்.

எச்சரிக்கையும் தேவை. சபையின் பெயரைக் கேட்டால் சொல்லாமல் மழுப்புகிற வேதபாட வகுப்பு, "வீட்டில் சொல்லாதே" என்கிற குழு, ஊருக்குப் போவதையும் படிப்பையும் கல்யாணத்தையும் தலைவரே தீர்மானிக்கிற கூட்டம், பாக்கெட் மணியில் இவ்வளவு என்று கணக்குக் கேட்கிற இடம். இதில் ஒன்று இருந்தாலே விலகிவிடலாம் என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். தனிமையில் அழுகிற முதல் மாதத்தில்தான் இவர்கள் அன்பாக வந்து பேசுவார்கள்.

மெஞ்ஞானபுரத்தான்:

இரண்டு மாதம் இருக்கிறதென்றால் நாலு சனிக்கிழமை கேள்விக்கு ஒதுக்குங்கள் டீச்சர். பெயர் எழுதாமல் சீட்டில் கேட்கச் சொல்லி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். கை தூக்கச் சொன்னால் ஐயருக்குப் பிடித்த கேள்விதான் வரும். சீட்டில்தான் மனதில் உள்ளது வரும்: ஆதியாகமமும் பரிணாமமும், மற்ற மதத்து நண்பன் நரகத்துக்குப் போவானா, நம்ம சபையில் ஏன் ஜாதி பார்க்கிறார்கள். கடைசிக் கேள்விக்குப் பூசி மெழுகாதீர்கள். அது பாவம், சபை திருந்த வேண்டும் என்று பெரியவர்கள் வாயாலே கேட்டால்தான் பிள்ளைகள் மற்றதையும் நம்புவார்கள். பதில் தெரியாவிட்டால் அடுத்த வாரம் என்று சொல்லி, அடுத்த வாரம் கட்டாயம் சொல்லுங்கள்.

"வெள்ளைக்காரன் மதம்" என்ற பேச்சும் கட்டாயம் வரும். கேரளத்தில் ஐரோப்பியர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-இல், பிரிட்டிஷ் ஆட்சி நம் நாட்டில் வேரூன்றுவதற்கு முன்னால். இதைத் தெரிந்து வைத்திருக்கிற பிள்ளை கோபப்படாமல் பேசும்.

வாசிப்புக்கு, "ஒரு வருஷத்தில் முழு வேதாகமம்" அட்டவணையைக் கொடுக்காதீர்கள். மொத்தம் 1,189 அதிகாரம், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல். இன்டர்னல் டெஸ்ட் வந்து நாலு நாள் விட்டால் 13 அதிகாரம் பாக்கி விழும், லேவியராகமத்தோடு மூடி வைத்துவிடுவார்கள். புதிய ஏற்பாடு 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து என்றால் சரியாக 52 வாரம். விட்டுப்போனதைப் பிடிக்கச் சனி, ஞாயிறு இருக்கிறது. மாற்கில் ஆரம்பிக்கட்டும். அச்சடித்த சிறிய புதிய ஏற்பாடு நல்லது. போனில் திறந்தால் இரண்டாவது வசனத்தில் வாட்ஸ்அப் கூப்பிடும்.

தானியேல் 1-ஐ ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து படியுங்கள். தானியேல் பாபிலோன் வைத்த பெயரோடு வாழ்ந்தான், அவர்கள் படிப்பைப் படித்தான், சாப்பாட்டில் மட்டும் நின்றான். அதுவும் சண்டை போடாமல், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்டான். கூட மூன்று நண்பர்கள். எதை ஏற்பது, எதில் நிற்பது என்று கிளம்பும் முன்பே யோசிக்க வேண்டும். எல்லாரும் குடியைப் பற்றியே எச்சரிக்கிறார்கள். முதல் சோதனை ப்ராக்ஸி (வராதவனுக்கு வருகை சொல்வது) கொடுப்பதிலும் அடுத்தவன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதிலும்தான் வரும். "நான் கொடுக்கலைடா, வேற உதவி வேணும்னா கேளு" என்று வாயைத் திறந்து சொல்லிப் பழக்குங்கள்.

ஓய்வுநாள் பாடசாலை டீச்சர்:

மூன்று பேருக்கும் நன்றி. இன்னொன்று. அங்கே போனதும் "குழந்தையில் எடுத்தது செல்லாது, முழுக்கு ஞானஸ்நானம் எடு" என்று சொல்லி, வீட்டில் பெரிய பிரச்சினை ஆகிறது. பிள்ளைகளுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

பாளையங்கோட்டை அண்ணன்:

இப்படிச் சொல்கிற பெந்தெகொஸ்தே சபைகளைக் குறைசொல்லி அனுப்பாதீர்கள். பல பிள்ளைகள் தனியாக ஜெபிக்கக் கற்றுக்கொள்வதே அங்கேதான். நம் சபையின் நிலையைச் சொல்லிக் கொடுங்கள்: குழந்தை ஞானஸ்நானமும் செல்லும், வளர்ந்தவர் பெறுவதும் செல்லும், ஒருவருக்கு இரண்டு தடவை கொடுப்பதில்லை. பெற்றோர் அன்று சொன்ன வாக்கைப் பிள்ளை தன் வாயால் ஏற்றுக்கொண்டதுதான் திடப்படுத்தல். அந்த ஆராதனை முறையை எடுத்து வைத்து, தாங்கள் என்ன சொன்னோம் என்று ஒரு தடவை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள், பலருக்கு ஞாபகம் இருக்காது. அதற்குப் பிறகும் ஒருவருக்கு மனச்சாட்சியில் கேள்வி இருந்தால், ஆறு மாதம் பொறுத்து, வீட்டிலும் ஐயரிடமும் பேசிவிட்டு முடிவெடுக்கட்டும். "இந்த ஞாயிறே எடு" என்று அவசரப்படுத்துகிற இடத்தில் எடுக்க வேண்டாம்.

ஹாஸ்டல் வார்டன் (பெண்கள் விடுதி):

போன பிறகு பேசுவதற்கு ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள், டீச்சர். பெண்பிள்ளைகளுக்குப் பெண்கள். முதல் மாதம் வாரம் ஒரு போன், அப்புறம் மாதம் ஒன்று. எடுத்த எடுப்பில் "கோயிலுக்குப் போனியா" என்று கேட்டால் அடுத்த தடவை போனை எடுக்க மாட்டார்கள். மெஸ், ரூம்மேட், பாடம் என்று கேளுங்கள், மற்றது தானாக வரும். லீவுக்கு வரும் தேதி தெரிந்ததும் ஐயரிடம் சொல்லி அந்த ஞாயிறு வேதபாடம் வாசிக்கிறவர் பட்டியலில் பெயரைப் போடுங்கள். எந்த அதிகாரம் என்று முந்தின வாரமே அனுப்பிவிட்டால் தயாராகி வந்துவிடுவார்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் ஒரு வகுப்பை அவர்களுக்கே ஒதுக்கி வையுங்கள்.