சொல் வேண்டும்: ‘தியரி ஆஃப் மைண்ட்’ – ‘மனக்கோட்பாடு’ பொருந்துமா?

குழுவினர்க்கு வணக்கம்.

சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கான உளவியல் கையேடு ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்திருக்கிறது. ‘தியரி ஆஃப் மைண்ட்’ (ஒருவர் என்ன நினைக்கிறார் என்று ஊகித்து, அவர் என்ன செய்வார் என்று சொல்லும் திறன்) வருகிற இடமெல்லாம் ‘மனக்கோட்பாடு’ என்று போட்டிருக்கிறார்கள். “நான்கு வயதை ஒட்டிக் குழந்தைக்கு மனக்கோட்பாடு உருவாகிறது” என்று படிக்கும் ஆசிரியர், குழந்தை ஏதோ கொள்கை வகுக்கிறது என்றுதான் நினைப்பார். ‘எம்பதி’யும் (பிறர் உணர்வைத் தானும் உணர்தல்) அதே பக்கங்களில் வருகிறது. இரண்டும் குழம்பாதபடி ஒரு சொல் தாருங்கள்.

---

> இரண்டும் குழம்பாதபடி ஒரு சொல் தாருங்கள்

புதிதாக ஆக்குவானேன்? ‘குறிப்பறிதல்’ இருக்கிறதே. குறளில் 71, 110 என்று இரண்டு அதிகாரங்களுக்கே அந்தப் பெயர். சொல்லாமலே அகத்தில் இருப்பதை உணர்வது பற்றித்தான் 71ஆம் அதிகாரம் பேசுகிறது. ஆசிரியர்களுக்கு விளக்கவே வேண்டாம். அது நீளமென்றால் ‘மனமறிதல்’ என்றாவது வைக்கலாம்.

---

> ‘குறிப்பறிதல்’ இருக்கிறதே

ஐயா, அருமையான சொல். ஆனால் அதற்குரிய இடம் வேறு. சாலி–ஆன் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சாலி கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றிவிடுகிறாள். சாலி திரும்பி வந்ததும் எங்கே தேடுவாள்? இரண்டும் பொம்மைகள். முகம் சுருங்குவதில்லை, கண் அலைவதில்லை, குரல் மாறுவதில்லை. அறிவதற்கு அங்கே ஒரு குறிப்பும் கிடையாது. ‘அவள் வெளியே இருந்தாள், பார்க்கவில்லை, ஆகவே பழைய இடத்தையே நினைத்துக்கொண்டிருப்பாள்’ என்று குழந்தை கணக்குப் போட வேண்டும்.

மூளையிலும் இவை ஒரே வேலை அல்ல. அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி இருபுறமும் சிதைந்த ஒரு பெண்ணால் பிறர் முகத்தில் அச்சத்தைக் கண்டுகொள்ள முடியவில்லை. முகத்தைப் பார்க்கும்போது அவர் பார்வை கண்களுக்குப் போகவே இல்லை என்பது 2005இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ‘கண்களைப் பாருங்கள்’ என்று சொன்னதும் சரியாகச் சொன்னார், சொல்லாதபோது பழையபடியே ஆனது. குறிப்பறிதலில் நேர்ந்த கோளாறு என்றால் இதுதான். பிறர் என்ன நினைக்கிறார் என்று யோசிக்கும்போது முனைப்பாக இயங்குவது வேறோர் இடம்: காதுக்கு மேலே, சற்றுப் பின்னால், டெம்பொரல் மடலும் பரைட்டல் மடலும் சேரும் பகுதி, அதிலும் குறிப்பாக வலப்பக்கம். 2003இல் ரெபெக்கா சாக்ஸும் நான்சி கான்விஷரும் இதை ஒரு நல்ல ஒப்பீட்டால் காட்டினார்கள். ஒரு கதையில் ஒருவரின் நினைப்பு பழசாகிப்போயிருக்கும், இன்னொரு கதையில் ஒரு புகைப்படம் பழசாகிப்போயிருக்கும். தர்க்கம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பகுதி மனிதரின் நினைப்பு வந்த கதைக்கே கூடுதலாக இயங்கியது.

ஆகவே ‘குறிப்பறிதல்’ என்பதை முகம், பார்வை, குரல் ஆகியவற்றிலிருந்து உணர்ச்சியைப் படிப்பதற்கு ஒதுக்கலாம். அதற்கும் கையேட்டில் ஒரு சொல் தேவைதானே.

‘மனமறிதல்’ பற்றி: ‘அறி’ என்றாலே அறிந்தது உண்மை என்றாகிவிடுகிறது. “அவன் வந்ததை அறிந்தேன்” என்றால் அவன் வந்திருக்கிறான். பிறர் மனத்தை நாம் அன்றாடம் தப்பாக எடைபோடுகிறோம், அப்போதும் வேலை செய்வது இதே திறன்தான். ‘கணி’ என்றால் தப்பவும் இடம் உண்டு. “தவறாக அறிந்தான்” உறுத்துகிறது, “தவறாகக் கணித்தான்” இயல்பாக வருகிறது. ‘தியரி ஆஃப் மைண்ட்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பிரீமாக்–வுட்ரஃப் கட்டுரையும் (1978) இதையே சொல்கிறது: மனநிலைகள் கண்ணுக்குத் தெரியாதவை, அவற்றை வைத்து நடத்தையை முன்கூட்டிச் சொல்கிறோம், அதனால்தான் ‘தியரி’. அங்கே சிம்பன்சியைப் பற்றிய கேள்வி அது, கோட்பாட்டு நூலைப் பற்றியது அல்ல.

என் பரிந்துரை: உளக்கணிப்பு.

‘மனக்கணிப்பு’ வேண்டாம். மனக்கணக்கைப் போல ‘மனத்தால் கணிப்பது’ என்றே காதில் விழும். ‘பிறர்’ என்று முன்னால் சேர்ப்பதும் வேண்டாம். தனக்கும் பிறர்க்கும் மனநிலைகள் உண்டு என்று கொள்வதுதான் அந்தக் கட்டுரையின் வரையறை. “நேற்று நான் தப்பாக நினைத்திருந்தேன்” என்று குழந்தை சொல்வதும் இதில் அடங்கும்.

---

> என் பரிந்துரை: உளக்கணிப்பு

ஒப்புகிறேன், ஒரு திருத்தத்தோடு. வினையாக்கும்போது ‘உளங்கணித்தல்’ என்று எழுதிவிடாதீர்கள். வாழ்த்து மடல்களில் வரும் ‘உளங்கனிந்த’ பக்கத்திலேயே நிற்கிறது, ணகரம் னகரமானால் பொருளே போய்விடும். ‘உளக்கணிப்புச் செய்’ அல்லது ‘உளத்தைக் கணி’ போதும். தொடர்களில் இட்டுப் பார்த்தேன்: உளக்கணிப்புத் திறன், உளக்கணிப்புச் சோதனை, இரண்டாம்படி உளக்கணிப்பு (‘அவள் என்ன நினைக்கிறாள் என்று இவன் நினைக்கிறான்’). எங்கும் இடறவில்லை.

‘எம்பதி’க்கு ‘ஒத்துணர்வு’ இருக்கட்டும். ‘பச்சாதாபம்’ இரக்கத்தின் பக்கம் சாய்கிறது, ‘பரிவு’ உதவும் செயலையும் இழுத்துவருகிறது. டானியா சிங்கர் குழு 2004இல் 16 பெண்களின் மூளையைப் படம்பிடித்தது. தன் கையில் மின் அதிர்ச்சி தந்தபோதும், துணைவர் கையில் தருவதாகக் குறி காட்டியபோதும் முன் இன்சுலா, முன் சிங்குலேட் என்ற மூளைப் பகுதிகள் இயங்கின. வலி எந்த இடத்தில், எவ்வளவு என்று பதிக்கும் மூளையின் புலனுணர்வுப் பகுதி, தனக்கு வலித்தபோது மட்டுமே இயங்கியது. வலியின் துன்பம் ஒத்து வருகிறது, வலியே வருவதில்லை. ‘ஒத்து’ என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. உளக்கணிப்பும் ஒத்துணர்வும் ஒன்றில்லாமல் ஒன்று பழுதுபடலாம் என்பதால் இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வேண்டும்; இரண்டும் குழம்பக்கூடாது என்ற முதல் மடலின் கவலையும் இதனால் தீர்கிறது.

‘ஃபால்ஸ் பிலீஃப்’ (கோலி கூடையில்தான் இருக்கிறது என்று சாலி நினைப்பதைப் போல உண்மைக்கு மாறான நினைப்பு) என்பதற்குக் கையேட்டில் ‘பொய் நம்பிக்கை’ இருந்தால் மாற்றிவிடுங்கள், மூடநம்பிக்கை என்று தொனிக்கிறது. ‘பிழை நினைப்பு’ எனலாம். “தான் பெரிய ஆள்னு நினைப்பு” என்று பேச்சில் சொல்லும்போதே அது உண்மையில்லை என்பது உள்ளே இருக்கிறது.

---

ஐயா, ‘குறிப்பறிதல்’ தன் இடத்தில் தங்குவதால் எனக்கு மறுப்பில்லை. உளக்கணிப்பு நன்று.

சோதனை வாசகத்தில் ஒரு பிழை இருக்கிறது, அச்சுக்கு முன் கவனியுங்கள். “எங்கே தேடுவாள்?” என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். சாலியும் பெண், ஆனும் பெண். ‘-ஆள்’ விகுதி இருவருக்கும் பொருந்தும். ஆனை நினைத்துக் குழந்தை பெட்டியைக் காட்டினால் அது நம் வாக்கியத்தின் தவறு, குழந்தையுடையது அல்ல. 1985இல் பாரன்-கோஹன், லெஸ்லி, ஃபிரித் செய்த சோதனையில் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். கோலி இப்போது எங்கே, முதலில் எங்கே இருந்தது என்ற இரண்டு சரிபார்ப்புக் கேள்விகளுக்கும் எல்லாரும் சரியாகச் சொன்னதால்தான் அந்த விடைக்குப் பொருள் கிடைத்தது. ஆகவே மூன்று கேள்விகளும் இருக்க வேண்டும், நம்பிக்கைக் கேள்வியில் பெயரும் இருக்க வேண்டும்: “சாலி கோலியை எங்கே தேடுவாள்?” ‘தேடணும்’ என்றும் கேட்கக்கூடாது. எங்கே தேடினால் கிடைக்கும் என்று கேட்பதாகக் குழந்தை எடுத்துக்கொள்ளும்.

---

மிக்க நன்றி. உளக்கணிப்பு, ஒத்துணர்வு, குறிப்பறிதல், பிழை நினைப்பு நான்கையும் ஏற்றுத் திருத்துகிறோம். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘உளக்கணிப்பு (தியரி ஆஃப் மைண்ட்)’ என்று இருக்கும். கடைசி மடலில் “நம்பிக்கைக் கேள்வி” என்று வந்திருக்கிறது. அதை ‘நினைப்புக் கேள்வி’ ஆக்கிக்கொள்கிறோம்.